இரும்பைப் பற்றிப் படித்தவர்

“பேருக்குக் கீழ என்ன தொழில்னு போடுறது, ஐயா?” புளத்கொகுபிட்டியவில் இரங்கல் பெனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் போனில் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

ராமச்சந்திரன் முன்னறையில் பெட்டிக்குள் கிடந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“கம்பஸ்ல… கொஞ்சம் பொறுங்க, கேட்டுச் சொல்றேன்.”

யாரிடம் கேட்பது? சுரேந்திரனுக்கு முப்பத்து நான்கு வயது. ஐந்தே நாள் டெங்குக் காய்ச்சலில் கொழும்பில் இறந்துபோனான். விடியற்காலையில்தான் பெட்டி ரப்பர் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தது. மூன்று மணிக்கு எடுக்கவேண்டும். லீவில் வரும்போது என்ன வேலை என்று கேட்டால், “ரிசர்ச்சுப்பா” என்பான். முப்பது வருடம் ரப்பர் பாலில் அசிட் ஊற்றி உறையவைத்தவர் ராமச்சந்திரன். மகனுக்கும் அசிட்டோடுதான் வேலை என்பதுவரை அவருக்குப் புரிந்திருந்தது.

மகனோடு பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நிஸார், ரம்புக்கனையில் ரயில் இறங்கி அப்போதுதான் வந்திருந்தார். சுரேந்திரனின் அம்மா ஜெயம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மருந்தெல்லாம் மோந்துதானே தம்பி எம்புள்ளைக்கு இப்படி ஆச்சு? உண்மைய சொல்லுங்க.”

“இல்லம்மா. டெங்குதான்.”

அவள் நம்பவில்லை. ராமச்சந்திரனுக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. மகனுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது, வேண்டாம், மேலே படி என்றவர் அவர்தான்.

“அவன் என்னதான் தம்பி செஞ்சான்?”

நிஸார் சட்டைப்பையிலிருந்து இறுக மூடிய சிறு போத்தலொன்றை எடுத்தார். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் பொடி. யாரோ கொடுத்த சூடான பிளேன்டீயில் போத்தலை அமிழ்த்தி எடுத்தார். பொடி வெள்ளையாகியிருந்தது.

“இரும்போட வேற சாமான் சேத்து சுரேன் செஞ்சது. மூணு வருஷம். முந்தின நிறத்துல காந்தம் இழுக்காது. இப்படி வெள்ளையானா லேசா இழுக்கும், மெஷின்ல வச்சாத்தான் தெரியும்.”

“எதுக்குங்க அது?”

“கம்ப்யூட்டருக்கு ஒதவலாம், எப்பவாவது. இன்னும் தெரியாது.”

பொடி ஆற ஆற, ஓரத்திலிருந்து மறுபடி கத்தரிப்பூ நிறம் ஏறியது. ராமச்சந்திரன் குனிந்து பார்த்தார்.

“ஏன் திரும்பி வருது?”

“அதத்தான் தேடிக்கிட்டு இருந்தாரு.”

ஜெயம்மா போத்தலை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுபடி போன் அடித்தது.

“இரும்பப் பத்திப் படிச்சவருன்னு போடுங்க,” என்றார் ராமச்சந்திரன்.

“அப்படி ஒரு தொழில் இருக்கா, ஐயா?”

“இருக்கு.”

மூன்று மணிக்குத் தப்பு மேளம் ஓங்கி ஒலித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். ராமச்சந்திரன் பின்னால் இறங்கி வந்தார். வாசலெங்கும் செருப்புகள். எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் காலால் நகர்த்திப் பார்த்தார். பெட்டி ரப்பர் மரங்கள் நின்ற மலையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. ஏதோ இரண்டை மாட்டிக்கொண்டு நடந்தார். ஒன்று பெரிதாக இருந்தது. அடிக்கு அடி கழன்றது.