எல்லைப் புதரில் கதண்டு

எல்லைக் கல்லை மூடிக் கிடந்த முட்புதரை வெட்டிச் சாய்த்துவிட்டால் நிலம் யாருடையது என்பது தெரிந்துவிடும் என்று எர்மினியோ நினைத்தான். தெரிந்தது வேறு. வெட்டும் இயந்திரத்தின் நுனி எதையோ காகிதம்போலக் கிழித்தது. அடுத்த நொடி, எந்த நாட்டிலிருந்தோ வந்து ஸ்பெயினின் கலீசியா முழுக்கக் குடியேறிவிட்ட வெலுட்டினா இனக் கதண்டுகள் கிழிந்த கூட்டிலிருந்து கறுப்பாய்ப் பொங்கின.

முகக்கவசமும் தடித்த அங்கியும் அவனைக் காப்பாற்றின. சண்டை பிடிக்கவென்றே வெறுந்தலையோடு ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்து ஒப்துலியாவை எதுவும் காப்பாற்றவில்லை. அவளை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான்.

"எத்தனை கொட்டுச்சு?"

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

எங்கள் ஊரில் கேள்விக்குக் கேள்விதான் பதில். அதிலும் ஒப்துலியா, 'கல்லை நகர்த்தினது நீயா?' என்று அவன் கேட்கும்போதெல்லாம், 'ஏன், கல்லுக்குக் கால் இல்லையா?' என்றே சொல்லி வந்தவள்.

கழுத்தில் தடிப்புத் தடிப்பாய்ச் சிவப்பு ஏறியது. உதடு வீங்கியது. குரல் கம்மியது. எர்மினியோ அவசர எண்ணுக்குப் போன் போட்டான். வண்டி கிளம்பிவிட்டதாகச் சொன்ன பெண், "ஒவ்வாமை மாதிரி இருக்கு. ஒவ்வாமைக்கான ஊசி வச்சிருக்காங்களா, கேளுங்க" என்றாள்.

"ஊசி எதுவும் வச்சிருக்கியா?"

"போன வருஷம் கொட்டினதுக்கப்புறம்... இதைச் சும்மாவா சுமக்கிறேன்?" என்று பையைத் தட்டினாள்.

பேனா மாதிரி இரண்டு ஊசிகள் இருந்தன. டாக்டர் இவனைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் இரண்டாகக் கொடுத்திருக்க வேண்டும். முதலாவதைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினான். ஊசி அவனுடைய கட்டைவிரலிலேயே பாய்ந்தது. விரல் வெளுத்தது, நெஞ்சு பழைய டிராக்டர்போல அதிர்ந்தது.

"யோவ்... கொட்டினது... உனக்கா, எனக்கா?"

இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாவாடையோடு சேர்த்து அவள் தொடையில் அழுத்திப் பிடித்தான். தீவன மூட்டையில் அவளைச் சாய்த்தான்.

அவள் பேச்சு நின்றது. கண்கள் மேலே செருகின. கதவில் கதண்டுகள் வந்து மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்மா, கல்லு இருக்கிற இடம் சரிதான். நிலமும் உன்னோடதுதான். ஏதாவது கேளேன்! திட்டவாவது செய்யேன்!"

 சண்டை போட ஆளில்லாமல் போனவன், காலிச் சாக்கு ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு விசிறினான்.

கீழ்ச் சாலையில் சைரன் கேட்டபோது அவள் மார்பு ஒருமுறை பெரிதாய் ஏறி இறங்கியது. கண் திறந்தது.

"ஒப்துலியா, மூச்சு வருதா?"

அவள் அவனையே வெறித்துப் பார்த்தாள்.

"வருது" என்றாள்.