சாக்கடை ஓரத்து வழி

"அக்கா, கூட்டம் முடியற வரைக்கும் அம்மா பேச்சை எடுக்காதே" என்று செயலாளர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கெஞ்சினார்.

அக்கா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். "காலையிலேருந்து தண்ணிகூட இறங்கலடா. மூச்சு இழுக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"வரேன்க்கா. இவங்க கிளம்பட்டும்."

ஒரு காலத்தில் இந்தத் தெரு முழுக்க ஓட்டு வீடுகள். முன்பாதியை இடித்து அடுக்குமாடி எழுந்தபோது தம்பி இந்தப் பக்கம் குடியேறினான். அம்மாவும் அக்காவும் பின்னால் சந்திலேயே தங்கிவிட்டார்கள். பிறகு நடுவில் ஒரு மதில் வந்தது, மதிலில் கதவு, கதவுக்குப் பூட்டு. தம்பிக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவியும், பேச்சில் ஒரு 'அவர்' மரியாதையும் வந்தன. சந்தில் பிறந்ததை விழுங்கி ஏப்பம் விட்டவர், அக்காவைச் சமையல்காரம்மா என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவன் நன்றாக இருந்தால் சரி என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

அவள் டீத்தட்டோடு கூடத்துக்கு வந்தபோது மாடிவீட்டு வக்கீல் பேசிக்கொண்டிருந்தார்.

"சந்துல யாராவது செத்தா நம்ம தெரு வழியாத்தான் தூக்கிட்டுப் போறாங்க. குழந்தைங்க பயப்படுது. வீடு பாக்க வர்றவங்க அப்படியே திரும்பிப் போயிடறாங்க. இனிமே சாவுன்னா கதவைத் திறக்கக் கூடாது. பின்னால சாக்கடை ஓரமா கொண்டு போகட்டும். சம்மதம்னா கை தூக்குங்க."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தம்பி ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று அவள் கடைசிவரை நம்பினாள்.

"செயலாளரே, நீங்க?"

அவர் கையும் மெல்ல மேலே போனது.

அக்கா தட்டை மேசைமேல் வைத்தாள். "அந்த வழி ஒத்தை ஆள் அகலம்தான்டா. நாலு பேர் சேர்ந்து தூக்க முடியாது. முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர்தான். அம்மாவுக்கு நீ எந்தப் பக்கம் நிக்கப் போற?"

வக்கீலுக்குப் புரியவில்லை. "யாரோட அம்மா?"

"எங்கம்மாதான். இதோ, இவனைப் பெத்தவ."

செயலாளருக்குத் தூக்கிய கையை இறக்கத் தோன்றவில்லை. அக்கா அவர் முன்னால் கிடந்த மதில் கதவின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே தெருவில் இறங்கினாள்.