இரண்டு அங்குலம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஓர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வேறு எதற்காகவோ ஓர் அரசுத் தணிக்கை அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தூக்கம் வராதவர்களுக்கு மருந்தாகவே கொடுக்கலாம், அப்படியொரு நடை. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி: "முந்தைய தணிக்கையும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அது தணிக்கையின் தவறு."

அரசு அறிக்கைகளில் 'குறைபாடு' உண்டு, 'தாமதம்' உண்டு, 'எதிர்பாராத காரணங்கள்' ஏராளமாக உண்டு. 'தவறு' என்ற சொல்லை, அதுவும் தன்னைப் பற்றியே, ஓர் அலுவலகம் எழுதி நான் அதுவரை பார்த்ததில்லை. யார் எழுதியது என்று விசாரித்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில், கோப்புகளுக்குப் பின்னால், நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் தலையை நிமிர்த்தி, "நான்தான். என்ன இப்போ?" என்றார்.

(நேரில் 'நீங்க' என்றுதான் பேசினேன். கதைக்குள் 'அவள்' என்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மழை ஓய்ந்த அந்தக் காலையில், கையில் கோப்புடன் அவள் அந்தக் குறுகலான சந்துக்குள்..."

வேண்டாம். அன்று மழை பெய்யவில்லையாம். கேட்டுவிட்டேன்.

"மக்களின் வரியில் நடக்கும் திட்டங்களைக் கண்காணிப்பது மக்களாட்சியின் முதுகெலும்பு என்றால் அது..."

இதுவும் வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.

மூன்றாவது இது. அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்யும். அவள் வேலை செயல்திறன் தணிக்கை. அதாவது, அரசு ஒரு திட்டம் நடத்தினால் அதனால் யாருக்கு என்ன பயன் என்று பார்ப்பது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கும் திட்டத்தை அவள் இரண்டாவது முறையாகத் தணிக்கை செய்யப் போனதில்தான் கதை தொடங்குகிறது.

முதல் முறை இரண்டு வருடத்துக்கு முன்பு. அப்போது அலுவலகத்திலிருந்தபடியே, நாற்காலி பெற்றவர்கள் கையெழுத்திட்ட ரசீதுகளையும் புகைப்படங்களையும் சரிபார்த்தாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள், நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. "இலக்கு முழுமையாக எட்டப்பட்டது" என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

3

இந்த முறை விதி மாறியிருந்தது. இருபது வீடுகளுக்கு நேரில் போய், நாற்காலி இருக்கிறதா, அதன் அடியில் பொறித்த எண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏழாவது வீடு ஒரு தையல்காரியுடையது. அரசு கட்டிக்கொடுத்த அடுக்குக் குடியிருப்பில் தரைத்தளம். ஒற்றை அறை, ஒற்றைக் கதவு. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஐந்து வருடமாகிறது. முப்பத்திரண்டு வயது. தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் தைக்கிறாள். அண்ணனும் அண்ணியும் பக்கத்து வீடு.

நாற்காலி மூலையில் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அதன்மேல் தைத்து முடித்த துணிகள் அடுக்கியிருந்தன. உடும்பு குனிந்து எண்ணைப் பார்த்தாள். சரியாக இருந்தது. படிவத்தில் குறியிட்டாள். கிளம்ப எழுந்தபோது தையல்காரி கேட்டாள்.

"பார்த்தாச்சாக்கா?"

"பார்த்தாச்சு. நல்லா இருக்கு."

"அப்படின்னா என்னை அதுல உட்கார வெச்சு வெளியே கூட்டிட்டுப் போங்களேன்."

அண்ணியைக் கூப்பிட்டார்கள். துணிகளை இறக்கி, இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். உடும்பு தள்ளினாள். வாசலில் இரண்டு சக்கரமும் இரண்டு பக்க நிலையிலும் இடித்து நின்றன. பின்னால் இழுத்து, கொஞ்சம் சாய்த்து, மறுபடி தள்ளினாள். போகவில்லை. மூன்றாம் முறை தள்ளும்போதுதான் கவனித்தாள்: நிலையின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் வண்ணம் உரிந்து, பழைய கீறல்கள். தனக்கு முன்பே இங்கே யாரோ பல தடவை முட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"உள்ளே எப்படி வந்துச்சு?"

"மடிச்சுக் கொண்டுவந்தாங்க. என்னைத்தான் மடிக்க முடியல."

அண்ணி சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள்.

நாற்காலியை மடித்து வெளியே வைத்துவிட்டு, நகர்ந்துபோய் ஏறிக்கொள்ளலாமே என்று உடும்பு கேட்டாள். ஏறலாம்தான், ஆனால் வாசலில் ஊர்ந்து போவதைத் தெருவே நின்று பார்க்கும், அதற்கு உள்ளேயே இருந்துவிடலாம் என்றாள் தையல்காரி. நாற்காலி வந்த இந்த மூன்று வருடத்தில் அவள் தெருவைப் பார்த்தது நான்கு தடவை. நான்கும் மருத்துவமனைக்கு. நான்கும் அண்ணன் தூக்கிக்கொண்டு போனது. தெருமுனையில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் அளவெடுக்க ஆட்கள் வருவார்கள் என்று ஆசை. ஆனால் அண்ணன் தினமும் வேலையை விட்டுவிட்டுத் தூக்க முடியுமா? "நான் என்ன மூட்டையா?"

பிறகு கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து நீட்டினாள்.

"நாற்காலி இருபத்தாறு அங்குலம். கதவு இருபத்துநாலு. வந்த அன்னைக்கே அளந்துட்டேன். கேட்கத்தான் யாரும் வரல."

உடும்பு தானும் ஒருமுறை அளந்தாள். அது அவள் சுபாவம். அவளிடமிருந்த படிவத்தில் பதினொரு கேள்விகள். ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை. ஓரத்து வெற்றிடத்தில் எழுதிக்கொண்டாள்.

4

மேலதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவரல்ல. முப்பது வருடம் அறிக்கை எழுதி, எது நிற்கும் எது விழும் என்று தெரிந்தவர். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு அறிக்கையில் பத்தி எழுத முடியாது என்றார்.

"ஒரு வீடுன்னா அது கதைம்மா. இருநூறு வீடு காட்டுங்க, அப்போ அது கண்டுபிடிப்பு."

(இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் ஒரு வீடு போதும். சொல்லப்போனால் ஒரு வீட்டுக்கு மேல் போனால் வாசகர் எழுந்து போய்விடுவார். அவள் தொழிலில் ஒரு வீடு என்பது ஒன்றுமே இல்லை. யார் வேலை கஷ்டம் என்று நான் வாதாடப் போவதில்லை.)

அறிக்கை முடிக்கப் பதினாறு வேலை நாள்தான் இருந்தது. கிளம்பியவளை அவர் திரும்ப அழைத்தார். போன அறிக்கையில் இருப்பது யார் கையெழுத்து என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார்."

"அதையும் யோசிச்சுக்கோங்க."

அன்று மதியம் அலமாரியிலிருந்து அந்தப் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். 'முழுமையாக.' மற்றவர்களின் வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. வாய்க்குள் மணலை மென்றதுபோல் இருந்ததாம். பிறகு எழுந்துபோய் ஓர் இரும்பு அளவு நாடா வாங்கினாள்.

5

பதினாறு நாள், இருநூற்றெட்டு வீடுகள்.

"அவள் கால்கள் கெஞ்சின, ஆனால் அவளுடைய உறுதி..." என்று ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: நான்காம் நாள் செருப்பு அறுந்தது, ஒன்பதாம் நாள் நாய் துரத்தியது, பதிமூன்றாம் நாள் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறாள் என்று பயந்து கதவைத் திறக்கவே இல்லை. அந்தக் கதவை வெளியிலிருந்தே அளந்தாள்.

வீட்டில் கணவர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஊர்க் கதவையெல்லாம் அளக்கறியே, நம்ம வீட்டுக் குளியலறைக் கதவை அளந்தியா?" என்று கிண்டல் செய்தார். அவள் எழுந்துபோய் அளந்தாள். இருபத்துநாலு. அதன்பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியை எடுத்துக்கொண்டு, "எந்தத் தெரு?" என்றார்.

கடைசியில் கணக்கு வந்தது. இருநூற்றெட்டு வீடுகளில் நூற்று ஐம்பத்தொன்றில், ஆள் உட்கார்ந்தால் நாற்காலி வாசலைத் தாண்டாது. தாண்டும் மீதி ஐம்பத்தேழிலும் தானே தெருவுக்கு வந்து போகிறவர்கள் முப்பத்தொன்பது பேர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

6

இப்போது திட்ட இயக்குநர் வரவேண்டும். நான் அவரை விரல் நிறைய மோதிரமும் அலட்சியச் சிரிப்புமாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்த உடும்பு, இந்த மனிதரைத் தனக்குத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உண்மையான இயக்குநர் நேர்மையானவர். நாற்காலிகள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தன. யாரும் யாருக்கும் கைநீட்டவில்லை. சக்கரம் பழுதானால் பத்து நாளில் சரிசெய்து கொடுத்தார்கள். அதனாலேயே அவள் கணக்கைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம். வீட்டைக் கட்டியது வீட்டுவசதித் துறை, கதவு என் பொறுப்பில்லை என்றார். வீட்டுவசதித் துறையைக் கேட்டால், நாற்காலி எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இரண்டு துறைக்கும் நடுவே அந்த இரண்டு அங்குலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் அவளை உலுக்கியது. அறிக்கை வெளியானால் 'தோல்வி' என்று ஒரே சொல்லில் எழுதுவார்கள், அடுத்த வருடம் திட்டத்தையே மூடிவிடுவார்கள், அப்புறம் தெருவுக்கு வந்து போகும் அந்த முப்பத்தொன்பது பேரைப் போன்றவர்களுக்கும் கிடைக்காது. அது வெறும் மிரட்டலல்ல என்று அவளுக்கும் தெரியும்.

(நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் பத்தியை மென்மையாக்கியிருப்பேன். 'சில வீடுகளில் சில இடர்ப்பாடுகள்.' பூசி மெழுகுவது எனக்கு நன்றாக வரும்.)

அவள் மறுநாள் தையல்காரி வீட்டுக்குப் போனாள். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். எழுதினால் எல்லாம் நின்றுபோகலாம், உனக்குக் கொடுத்ததைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றாள். தையல்காரி இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"துணி வைக்க வேற இடம் பார்த்துக்கறேன். நீங்க எழுதுங்கக்கா."

எழுதினாள். அந்த அடிக்குறிப்பையும் சேர்த்து. மேலதிகாரி அடிக்குறிப்பை இரண்டு முறை அடித்தார், இரண்டு முறையும் அவள் திரும்பச் சேர்த்தாள். மூன்றாம் முறை அவர் அடிக்கவில்லை.

7

தணிக்கை அறிக்கைகளை ஆராயும் சட்டமன்றக் குழுவின் விசாரணை நீண்ட மேசை போட்ட அறையில் நடந்தது. குழுத் தலைவர் ஒரு பெண்மணி. அறிக்கையை முழுக்கப் படித்திருந்தார், அதுவே அபூர்வம். இயக்குநரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த நாலாயிரத்துச் சொச்சம் பேர்ல எத்தனை பேர் வெளியே போறாங்க?"

இங்கே நான் மூன்று பதில்கள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் இயக்குநர் வீட்டுவசதித் துறையைக் கைகாட்டுகிறார். இன்னொன்றில் புள்ளிவிவரத்தால் அடிக்கிறார். மூன்றாவதில் அவருக்கு மயக்கமே வருகிறது. நடந்தது மூன்றும் இல்லை. அவர் முன்னால் தடிமனான கோப்பு திறந்திருந்தது. அதை மூடினார்.

"தெரியலைங்க. நாங்க கேட்டதே இல்லை." மூடிய கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, "கேட்டிருக்கணும்" என்றார்.

தலைவர் தணிக்கைப் பக்கம் திரும்பினார். போன தடவை நீங்கள் ஏன் சொல்லவில்லை என்றார். மேலதிகாரி பதில் சொல்ல எழப்போனார். அதற்குள் உடும்பு எழுந்துவிட்டாள்.

"நானும் கேட்கலைங்க. அந்தக் கையெழுத்து என்னோடது."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையை லேசாகத் தாழ்த்தினாராம். வணக்கம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

குழு திட்டத்தை மூடவில்லை. இனிமேல் கதவை அளந்த பிறகே நாற்காலி, குறுகலான வாசலுக்குக் குறுகலான நாற்காலி, ஏற்கெனவே கொடுத்த வீடுகளில் வாசலை அகலப்படுத்துவது வீட்டுவசதித் துறையின் பொறுப்பு, எத்தனை கொடுத்தோம் என்பதோடு ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்பதும் கணக்கு. உத்தரவாயிற்று. ஏழு மாதத்தில் இரண்டு துறைகளிடமிருந்தும் கடிதம் வந்தது: "நடவடிக்கை எடுக்கப்பட்டது."

8

முடிவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பிடித்த முடிவு ஒன்றை எழுதியும் வைத்திருந்தேன். தெருமுனைக் கடையில் தையல்காரி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிறுமிக்குச் சட்டை அளவெடுக்கிறாள். வெயில் அவள் முழங்கையில் விழுகிறது. நன்றாக வந்திருந்தது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான்.

உடும்பு அதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இதை நீங்க பார்த்தீங்களா?"

கதைதானே என்றேன்.

"நானும் அன்னைக்குப் பார்க்காமத்தான் எழுதினேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள்.

சரி, வேறொன்று: வாசலை இடித்துவிட்டு, அகலப்படுத்த ஆள் வராமல், தையல்காரி சாக்குத் திரைக்குப் பின்னால் இருக்கிறாள். அதையும் நான் பார்க்கவில்லை. இன்னொன்று: வாசல் தயார், ஆனால் கடையை வேறு யாரோ எடுத்துவிட்...

நிறுத்திவிட்டேன்.

கடிதம் வந்தபிறகும் உடும்பு தன் அறிக்கையின் அந்தப் பத்தியை 'முடிந்தது' என்று மூடவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி வீடு வீடாகத் தொடங்குகிறாள். முதல் வீடு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. நானும் கூட வரலாமா என்று கேட்டேன்.

"வாங்க. ஆனா அங்கே நல்லா இருந்தாலும் எழுதணும், இல்லாட்டியும் எழுதணும்."

இன்று வெள்ளி. அதுவரை பொறுக்காது என்றால், தாராளமாக ஒரு முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள்.