உதவியாளர் படி

கிரேன்காரருக்கு அறுபது முடிந்த வாரத்தில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கிரேன் ஏணியிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போன நாளிலிருந்து, அரசாங்கம் கொடுத்த ஊனமுற்றோர் உதவித்தொகையில்தான் அவர் காலம் தள்ளினார். அவரைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு உதவியாளர் படி என்று தனியாக ஒரு தொகை வந்தது. கல்யாணம் காட்சி என்று எதையும் பார்க்காதவள். ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

இனி உங்களுக்கு முதியோர் ஓய்வூதியம் என்றார் வந்தவர். தொகை அதேதான், பெயர்தான் மாறுகிறது. வருடாந்திர மருத்துவப் பரிசோதனையும் கிடையாது.

"அப்பாடா. வருஷா வருஷம் எந்திரிச்சிட்டேனான்னு பாத்துட்டுப் போவீங்க. இனிமே எந்திரிச்சா நானே நடந்து வந்து சொல்றேன்" என்றார் கிரேன்காரர்.

வந்தவர் சிரித்தார். சிரித்த வாயோடு மிச்சத்தையும் சொன்னார். உதவியாளர் படி, வேலை பார்க்கும் வயதில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அறுபதோடு நின்றுவிடும்.

"காசு நின்னுடும், சரி. இவருக்கு மட்டும் கை கால் வந்துடுமா?" என்றாள் தங்கை.

"வயசானா எல்லாருக்கும் முடியாமத்தாம்மா போகுது."

கெட்ட மனிதர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஓய்வூதியத்தில் வாடகை கொடுத்தால் அடுப்பு எரியாது. அடுப்பு எரிந்தால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தங்கை வேலை தேடினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான்: படுத்துக் கிடப்பவரைப் புரட்டுவது, துடைப்பது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது. இரண்டு தெரு தள்ளி அந்த வேலையே கிடைத்தது. லாரியில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவர். அவருக்கு உதவியாளர் படி வருகிறது.

காலையில் அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்கு எட்டும்படி தண்ணீரில் உறிஞ்சுகுழாய் போட்டுவிட்டுப் போவாள். மதியம் வந்து புரட்டிவிடுகிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரி ஓரிரு நாள் வந்தாள். பிறகு அவளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் சுவரைப் பார்த்தபடி சாயங்காலம் வரை கிடந்தார்.

ஒரு நாள் மாலை தங்கை அவரைப் புரட்டினாள். புரட்டும்போது ஓயாமல் பேசுகிறவள், பாதிப் பேச்சில் நிறுத்தினாள்.

"புண்ணா?"

"சின்னதுதாண்ணே."

இத்தனை வருடத்தில் அவருக்குப் புண் வந்ததே இல்லை. அவர் முகத்தருகே வந்த அவள் கையில் வேறு வீட்டுப் பவுடர் வாசனை அடித்தது.

"அந்தாளுக்கு என்ன வயசு, பாப்பா?"

"நாப்பத்திரெண்டு."

"நல்லது. உனக்கு ரொம்ப வருஷம் வேலை இருக்கு."

அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.