தொதல் மெசின் திறப்பு விழா

சாய்ந்தமருதில் அல்வா போன்ற தொதலைக் கிண்டுவதில் நஸீறாவை மிஞ்ச ஆளில்லை. பதினெட்டு வருடம் தாச்சிச் சட்டியின் முன் நின்று துடுப்புப் போட்டதில் அவளுடைய வலது தோள் தலைவாரக்கூட உயராமல் போயிருந்தது. அதனால் 1997இல் வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று தொதல் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கிளறும் மெசின் கொடுத்தபோது, எல்லோரையும்விட அவள்தான் சந்தோசப்பட்டாள். பெரிய எவர்சில்வர் தாச்சி, அடியில் காஸ் அடுப்பு, மேலே மோட்டர். மோட்டரிலிருந்து இறங்கும் தண்டில் இரண்டு இரும்புத் துடுப்புகள்.

ஏழு மாதமாக மெசின் பொலித்தீன் உறைக்குள்ளேயே இருந்தது. அதைத் திறந்துவைக்க வேண்டிய பிரதம அதிதிக்கு நேரம் கிடைக்கவில்லை.

"காக்கா, இண்டைக்கே ஓட்டிப் பாத்தா என்ன?" என்று, அண்ணன் முறை வைத்துத் தான் கூப்பிடும் சங்கத் தலைவர் சீனிமுகம்மதுவிடம் கேட்டாள்.

"திறந்துவெக்காத மெசின எப்பிடிப் புள்ள ஓட்டுற?"

ஒருவழியாக நாள் குறித்தார்கள். அதிதி பொத்தானை அமத்தியதும் தொதல் தயாராக இருக்க வேண்டும் என்பது தலைவரின் திட்டம். அதனால் விடியற்காலையே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் சேர்த்து, நஸீறா மெசினை ஓடவிட்டாள். விழா தொடங்கவேண்டிய ஒன்பது மணிக்குத் தலைவர் ஓடிவந்தார்.

"நிப்பாட்டு! அடுப்பையும் நூரு! அவரு வந்து ஓடவெக்கட்டும்."

"நிப்பாட்டினா இறுகிரும் காக்கா. தொதல் ஆரையும் பாத்துக்கொண்டிருக்காது."

"ஓடுற மெசின அவரு எப்பிடி ஓடவெக்கிற?"

நஸீறா அடுப்பை அணைத்து, மெசினை நிறுத்தினாள்.

அதிதி பன்னிரண்டேகாலுக்கு வந்தார். மூன்று பேர் பேசினார்கள். பிறகு அவர் நாடாவை வெட்டிப் பொத்தானை அமத்தினார். மோட்டர் உறுமியது. கல்லாக இறுகிய தொதலுக்குள் துடுப்புகள் அசையவில்லை. அதற்குப் பதிலாகத் தாச்சியே கழன்று, துடுப்புகளோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது.

அதிதி கைதட்டினார். "முந்தித் தொதலக் கிண்டினாங்க, இப்ப தாச்சியையே கிண்டுறம். இதுதான் அபிவிருத்தி!"

சனமும் கைதட்டியது. தாச்சியின் கைபிடி அவருடைய பொன்னாடையின் நுனியைப் பிடித்து இழுத்தபோது நஸீறா பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். மெசின் நின்றது.

"பாருங்க, இப்ப சத்தமே இல்லாம ஓடுது," என்றார் அதிதி.

பிறகு முந்தின நாள் நஸீறா கையால் கிண்டிய தொதலைப் பரிமாறினார்கள். அதிதி மூன்று துண்டு சாப்பிட்டார். "இந்த ருசி கையால வராது," என்று சொல்லி இரண்டு பார்சலும் கொண்டு போனார். மறுவாரம் பத்திரிகையில் படம் வந்தது. தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டி, மெசினைத் திரும்பவும் பொலித்தீனால் மூடினார்.

நஸீறாவுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. தலைவர் கொழும்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி தாச்சியில் இறுகிக் கிடந்த தொதலை இரண்டு நாளில் கரைத்தெடுத்தாள். அரிசி ஆலை மெக்கானிக் றஸாக்கைக் கூப்பிட்டுத் தாச்சியை நான்கு நட்டுப் போட்டு இறுக்கினாள். திங்கட்கிழமை மெசின் ஓடியது. பதினொரு மணிக்குத் தொதல் எண்ணெய் கக்கித் திரண்டு வந்தது. கைகட்டி நின்று அதைப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் கொழும்பிலிருந்து திரும்பிய தலைவர் உள்ளே வந்தார். கத்தப் போனவரின் கையில் அவள் ஒரு துண்டை வைத்தாள். தின்றார். இன்னொன்றும் எடுத்தார்.

"நல்லாத்தான் இரிக்கி," என்றார் மெல்ல. "நஸீறா, இரண்டாங்கட்டத் திறப்பு விழா எண்டு ஒண்டு வெப்பமா?"

அவர் அதிதிக்குக் கடிதம் எழுத வெளியே போனதும் நஸீறா கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அடுத்த தொதலுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினாள்.