யாருக்கு நினைவு நாள்?

காலையிலிருந்து அலைச்சல். கொருக்குப்பேட்டையில் தனிப் பெண்ணுக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். காலடிப்பேட்டையில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நாங்கள் முழித்ததைப் பார்த்ததும் ரூம் போய்விட்டது என்றார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அனாதைப் பிள்ளைகள் ஹோமை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. கூட வந்த ஷைனிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நாளை அவள் கட்டிலுக்கு வேறு குழந்தை வருகிறது.

ராயபுரம் போகும் பஸ்ஸில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா அப்பா தூத்துக்குடியில், நீ இங்கே துணிக்கடையில் வேலை, ஹோம் என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. தலையாட்டினாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரம்மா தேவப்பிரியம் நல்ல மாதிரி. மாடி ரூமைக் காட்டினார், தண்ணீர் வரும் நேரம் சொன்னார், தூத்துக்குடிக் கதையையும் நம்பினார். மத்தியானமாகிவிட்டது, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சங்கரா மீன் குழம்போடு சோறு போட்டார். நான் தட்டில் கை வைத்துவிட்டேன். ஷைனி எழுந்து நின்று கைகூப்பினாள்.

"இன்னிக்கு யாருக்கு நினைவு நாள் ஆன்ட்டி? பேரு சொன்னா ஜெபம் பண்ணிடுவேன்."

ஹோமில் மீனோ பிரியாணியோ வந்தால் அன்றைக்கு யாரோ பிறந்திருக்க வேண்டும், இல்லை செத்திருக்க வேண்டும். கொடுத்தவர் பேரைச் சொல்லி ஜெபித்த பிறகுதான் சாப்பாடு. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் ஒரு பஸ் பயணத்திலா போய்விடும்? நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வேறு அந்த நேரம் பார்த்து இருமினார்.

தேவப்பிரியத்தின் முகம் மாறியது. ஹோம் பொண்ணா என்று என்னைத்தான் கேட்டார். நான் மறுபடியும் தூத்துக்குடியை இழுக்க வாயெடுப்பதற்குள் ஷைனி முந்திக்கொண்டாள்.

"ஆமா ஆன்ட்டி. எனக்கு யாரும் இல்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. பிறகு இன்னொரு துண்டு மீனை ஷைனியின் தட்டில் வைத்தார்.

"இங்க யாரும் சாவல. பசிக்குமேன்னு போட்டது. குந்தி சாப்டு."

ஷைனி உட்காரவில்லை.

"சோறு யார்னா போட்டுகினுதான் இருந்தாங்க ஆன்ட்டி. ரூமு குடுப்பீங்களா, அதச் சொல்லுங்க."

தேவப்பிரியம் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான், அடுத்த வீடு பார்க்க வேண்டியதுதான் என்று பையைத் தேடினேன். அவர் திரும்பி வந்து ஒரு சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதை எடுத்து இடது கைக்குள் இறுக்கிக்கொண்ட பிறகுதான் ஷைனி உட்கார்ந்தாள். அந்தக் கையைத் திறக்காமலே சாப்பிட்டு முடித்தாள்.