நல்ல பக்கம்

"ஐயையோ, அது நல்ல பக்கம்ங்க! அடிபட்டது இடது பக்கம்!"

முதல் நாள், அந்தக் காந்தக் கருவியை என் கணவரின் தலையில் வலது பக்கம் வைத்ததும் கத்திவிட்டேன். பக்கவாதத்தில் பேச்சு போனவர். ஒழுங்காக இருக்கிற பாதி மூளையையும் கெடுத்துவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுதான் வைக்கிறோம்க்கா. நல்ல பக்கம் எல்லாத்துக்கும் முந்திக்குது. அடிபட்ட பக்கம் முயற்சியே பண்ண மாட்டேங்குது. அதான் இதைக் கொஞ்சம் அடக்கிப் பாக்குறோம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது.

என் கணவர் முடிதிருத்தும் கடைக்காரர். கடையில் வாய் ஓயாமல் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தால், நான் வாய் திறந்ததும் "ரேடியோவை நிறுத்து" என்பார். இப்போது அவர் செம்பைப் பார்த்தாலே "தண்ணியா?" என்கிறேன். சன்னலைப் பார்த்தால் "சாத்தணுமா?" அவர் தலையாட்டினால் போதும். வேறு என்ன செய்ய? அவர் திணறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இன்று கடைசி நாள். இன்றும் ஒரு சொல் வராவிட்டால் சிகிச்சையை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் என்ன என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கருவி டக் டக்கென்று தட்டி ஓய்ந்தது. அந்தப் பெண் படங்களை எடுத்தாள். "அக்கா, தயவுசெஞ்சு நீங்க பேசாதீங்க."

முதல் படம் சீப்பு. காலமெல்லாம் அவர் கையில் இருந்த சீப்பு. உதடு நடுங்கியது, வெறும் காற்றுதான் வந்தது. படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எடுத்துக்கொடு என்கிற வழக்கமான பார்வை. சொல் என் நாக்கு நுனியில் நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கடவுளே, ஒன்றே ஒன்று, வரட்டும்.

அவர் முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடத்தில் என்னை அப்படி வெறுத்துப் பார்த்ததில்லை. இடது கையால் மேசையில் ஓங்கி அடித்தார்.

"சொ... சொல்லேன்டி!"

அந்தப் பெண் எழுந்தே விட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சீப்புப் படம் அப்படியே இருந்தது. அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.